விருந்தாளியே எதிரியின் தாய்: காட்டுப் புகையிலையின் பூவும் நஞ்சும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துத் தென்மேற்குப் பாலைநிலத்தில் பொழுது சாயும் வேளையில் ஒரு காட்டுப் புகையிலைச் செடி பூ விரிக்கிறது. மெல்லிய நீண்ட வெள்ளைக் குழல், வாயில் ஐந்து மடல். விரிந்த சற்று நேரத்தில் பென்சைல் அசிட்டோன் என்ற வாசனைப் பொருள் காற்றில் கலக்கிறது. அதை மோப்பம் பிடித்துப் பருந்து அந்துப்பூச்சி வருகிறது. அந்தரத்தில் நின்றபடியே நீண்ட உறிஞ்சுகுழலைப் பூவுக்குள் விட்டுத் தேன் குடிக்கிறது. ஒட்டிய மகரந்தத்தை அடுத்த செடிக்குக் கொண்டுபோகிறது. போகிற போக்கில் இந்தச் செடியின் இலையடியில் ஒரு முட்டையும் இட்டுவிட்டுப் போகிறது. அதிலிருந்து வரும் கொம்புப்புழு விரல் பருமனுக்கு வளர்ந்து முடிப்பதற்குள் செடியை மொட்டையடித்துவிடும்.

புகையிலையின் வேதித் தற்காப்பு என்றதும் பேச்சு நிக்கோட்டினில் தொடங்கி நிக்கோட்டினிலேயே முடிந்துவிடுவது வழக்கம். நஞ்சு செய்வது புகையிலைக்குச் சுலபமான வேலை. அதை யாருக்கு, எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு வைப்பது என்பதுதான் கடினம். அந்தக் கடினம் முழுவதும் வந்து குவியும் இடம் பூ. இலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் எதிரிகள் என்று வைத்துக்கொள்ளலாம். பூவுக்கு வருகிறவர் நண்பராகவும் இருக்கலாம், திருடராகவும் இருக்கலாம், எதிரியின் தாயாகவும் இருக்கலாம்.

இந்தக் கணக்கை மிக நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தது நிக்கோட்டியானா அட்டனுவாட்டா என்ற காட்டு இனத்தில்தான். கொயோட் புகையிலை என்பது அதன் ஊர்ப் பெயர். ஜெர்மனியின் யேனா நகரில் 1996-ல் தொடங்கிய மாக்ஸ் பிளாங்க் வேதிச் சூழலியல் நிறுவனத்தில் இயன் பால்ட்வின் குழு இந்தச் செடியைக் கையிலெடுத்தது. ஆய்வுக்கூடத்தில் மரபணு ஒவ்வொன்றாக அணைத்து, அப்படி ஒரு திறனை இழந்த செடிகளை யூட்டாவின் லைட்டில் என்ற பண்ணைக் காப்பிடத்தில், அதன் சொந்த மண்ணில், சொந்த எதிரிகள் நடுவே நட்டுப் பார்த்தார்கள். கூண்டுக்குள் ஒரு புழு, ஒரு இலை என்று வைத்துச் சோதித்தால் கிடைக்காத பதில்கள் அங்கே கிடைத்தன.

தீக்குப் பின் முளைக்கும் செடி

கொயோட் புகையிலையின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும். காட்டுத்தீ புதரை எரித்துவிட்டுப் போன பின், எரிந்த கட்டையின் புகையில் உள்ள சேர்மங்கள் மழைநீரோடு இறங்கி விதையை எழுப்புகின்றன. ஆய்வுக்கூடத்தில் இதை வளர்ப்பவர்கள் வெறும் ஈரத்தை நம்புவதில்லை. 50 மடங்கு நீர்த்த புகைச்சாற்றில் முளைப்பைத் தூண்டும் ஜிப்ரெலிக் அமிலம் கலந்து, அதில் ஒரு மணிநேரம் ஊறவைத்து, பிறகே தட்டில் விதைக்கிறார்கள். புகை காட்டாமல் விட்டால் நல்ல விதையும் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

தீ எரிந்த மண்ணில் நைட்ரஜன் தாராளம், நிழல் தரும் போட்டிச் செடிகள் இல்லை. ஆனால் எல்லா விதையும் ஒரே பருவத்தில் எழுவதால் பக்கத்துச் செடி முழுக்கத் தன் இனமே. கிடைக்கிற நைட்ரஜனைப் பிடிப்பதில் தன் கூடப்பிறந்தவர்களோடுதான் ஓட்டம். முதல் மழைக்கு முளைத்து, பூத்து, தூசு போன்ற விதையைத் தீ வந்த இடமெல்லாம் கொட்டிவிட்டுச் சில ஆண்டுகளில் இந்த இனம் அங்கிருந்து மறைந்துவிடும். இந்தப் பின்னணியை மறந்தால் நஞ்சின் விலை புரியாது.

வேரில் சமையல், இலையில் பரிமாறல்

நிக்கோட்டின் ஒரு மூலக்கூறில் 10 கார்பன், 14 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன். எடையில் 17 சதவீதத்துக்கு மேல் நைட்ரஜன். விதையாக மாற வேண்டிய நைட்ரஜனைத்தான் செடி நஞ்சில் போடுகிறது. ஒருமுறை போட்டதை உடைத்து எடுத்துப் பிற புரதத்துக்குத் திருப்புவதும் அதற்கு லாபகரமாக இல்லை. காயம்பட்ட செடி சுரக்கும் ஹார்மோனான ஜாஸ்மோனேட்டை வேருக்குக் கொடுத்துத் தற்காப்பைத் தூண்டிய செடிகளைக் காட்டில் வைத்துப் பார்த்த பால்ட்வின், 1998-ல் இரண்டு பக்கத்தையும் எண்ணிக் காட்டினார்: பூச்சித் தாக்குதல் நடுத்தரமாக இருந்த இடத்தில் அந்தச் செடிகள் அதிக விதை கட்டின, பூச்சி வராத இடத்தில் தூண்டப்படாத செடிகளைவிடக் குறைவாகவே கட்டின. எப்போதும் நஞ்சு நிரம்பிய செடியாக இருப்பது ஏன் கட்டுப்படியாகாது என்பதற்கு இதைவிட நேரான விடை இல்லை.

இலையில் இருக்கும் நிக்கோட்டின் இலையில் உண்டாவதில்லை. தக்காளி வேரின் மேல் புகையிலைத் தண்டை ஒட்டுக்கட்டினால் இலையில் நிக்கோட்டின் ஏறக்குறைய இருக்காது. புகையிலை வேரின் மேல் தக்காளியை ஒட்டுக்கட்டினால் தக்காளி இலையில் நிக்கோட்டின் சேரும். 1940-களின் தொடக்கத்தில் டாசன் செய்து காட்டிய சோதனை இது. வேரில் உருவாகி, நீரேறும் குழாய் வழியே மேலே போய், இலைச் செல்களின் நுண்குமிழ்களுக்குள் பூட்டி வைக்கப்படுகிறது.

புழு இலையைக் கடித்த நிமிடங்களில் காயம்பட்ட இடத்தில் ஜாஸ்மோனிக் அமிலம் எகிறுகிறது. (இந்தக் குடும்பத்தின் மீதைல் ஜாஸ்மோனேட்டை முதன்முதலில் 1962-ல் பிரித்தெடுத்தது நம் பிச்சிப்பூவின் எண்ணெயிலிருந்து. கூந்தலில் மணக்கிற அதே சேர்மக் குடும்பம் செடிக்குள் அபாய அறிவிப்பாக ஓடுகிறது.) செய்தி வேருக்குப் போகிறது, வேர் உற்பத்தியைக் கூட்டுகிறது, இலையில் அளவு உச்சத்தைத் தொட நான்கைந்து நாள் ஆகிறது.

தொட்டியில் வைத்துச் சோதிப்பவர்கள் அடிக்கடி சறுக்கும் இடமும் இதுவே. வேர் தொட்டியின் சுவரை முட்டிச் சுருண்டுவிட்ட செடியில் இலையை எத்தனை முறை கிழித்தாலும் நிக்கோட்டின் கூடுவதில்லை. பால்ட்வின் 1988-லேயே இதைப் பதிவு செய்தார். புது வேர் ஓட இடம் இல்லாத செடிக்குப் புது நஞ்சு சமைக்க அடுப்பில்லை. சிறிய தொட்டியில் சோதனை செய்துவிட்டு “காயம் நிக்கோட்டினைக் கூட்டுவதில்லை” என்று எழுதினால், அது செடியின் குணத்தைப் பற்றிய முடிவாக இராது, தொட்டியின் அளவைப் பற்றிய முடிவாகவே இருக்கும்.

செடிக்குள் நிக்கோட்டின் சீராகப் பரவுவதும் இல்லை. இளம் இலை, மொட்டு, பூ, இளங்காய் ஆகியவற்றில் கூடுதல். வாடப்போகிற அடி இலையில் குறைவு. எதை இழந்தால் விதைக்கணக்கு அடிபடுமோ அதைச் சுற்றியே காவல். முற்றிய விதையிலோ நிக்கோட்டின் இல்லை என்றே சொல்லலாம்.

நஞ்சு உண்மையிலேயே காக்கிறதா? 2004-ல் வெளிவந்த கள ஆய்வு நேரடியாகச் சோதித்தது. நிக்கோட்டின் தயாரிப்பின் முக்கிய நொதியான புட்ரெசின் மீதைல் டிரான்ஸ்ஃபரேஸை அணைத்த செடிகள், சாதாரணச் செடிகளைப்போல் மூன்று மடங்கு இலைப்பரப்பைப் பூச்சிக்குப் பறிகொடுத்தன. மேய்ந்தவர்களில் முதன்மையானவை பீட் படைப்புழுவும் வெட்டுக்கிளிகளும். பூச்சியின் நரம்பில் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் வந்து அமரவேண்டிய வாங்கியில் நிக்கோட்டின் போய் உட்கார்ந்துகொள்கிறது. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதிக்கு நிக்கோட்டினைச் சிதைக்கத் தெரியாது. நரம்பு ஓயாமல் துடித்து, பிறகு செயலிழக்கிறது.

நிக்கோட்டினுக்கு அஞ்சாதவன் வந்தால்

கொம்புப்புழு (மண்டூக்கா) அஞ்சாது. தின்ற நிக்கோட்டினில் பெரும்பகுதியை விரைவாகக் கழிவோடு வெளியேற்றிவிடுகிறது. அதோடு நிற்கவில்லை. 2014-ல் வெளியான ஆய்வின்படி, குடலில் உள்ள நிக்கோட்டினில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பங்கைத் தன் உடல் திரவத்துக்குள் விட்டு, மூச்சுத் துளைகள் வழியே ஆவியாக வெளிவிடுகிறது. இரவில் வேட்டையாடும் ஓநாய்ச் சிலந்தி அந்த மூச்சு பட்டதும் பின்வாங்குகிறது. புழுவின் ஒரு மரபணுவை அணைத்து இந்த மூச்சை நிறுத்தினால் சிலந்தி அதைப் பிடித்துத் தின்கிறது. செடி செலவழித்துச் செய்த ஆயுதத்தை எதிரி தன் கவசமாக மாட்டிக்கொள்கிறான்.

அப்படியானால் கொம்புப்புழு கடிக்கும்போது நிக்கோட்டினைக் கூட்டுவது இரட்டை நஷ்டம். செடி அதைக் கூட்டுவதும் இல்லை. புழுவின் வாய்நீரில் கொழுப்பமிலமும் அமினோ அமிலமும் இணைந்த சேர்மங்கள் இருக்கின்றன. கத்தரியால் வெட்டிய காயத்தில் அவை இருக்காது. வாய்நீர் பட்டதும் எத்திலீன் என்ற வாயு ஹார்மோன் பீறிடுகிறது. அது வேரின் நிக்கோட்டின் உற்பத்தியைத் தணிக்கிறது. மிச்சமாகும் வளம் வேறு ஆயுதங்களுக்குப் போகிறது. கடித்தது யார் என்று எச்சிலைப் பார்த்தே அடையாளம் காணும் இந்தத் திறன், புகையிலையின் தற்காப்பில் நிக்கோட்டினைவிட வியப்பூட்டுவது.

அந்த வேறு ஆயுதங்கள் ஒன்றோடொன்று கோத்தவை. முதலாவது, புரதச் செரிமானத் தடுப்பிகள். புழுவின் குடலில் டிரிப்சின் வகை நொதிகளை இவை முடக்குகின்றன. புழு சாகாது, மெல்ல வளரும். தனியாகப் பார்த்தால் இது செடிக்குப் பாதகம்: மெல்ல வளரும் புழு அதிக நாள் தின்னும். அடுத்த ஆயுதத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் விளங்கும்.

கடிபட்ட இலை வாசனை விடுகிறது. புல் வெட்டியதும் எழும் பச்சை மணத்தின் சேர்மங்கள் உடனே வருகின்றன; டெர்பீன்கள் அடுத்த நாளில் கூடுகின்றன. ஜியோகோரிஸ் என்ற பெருங்கண் நாவாய்ப்பூச்சி இந்த மணத்தைப் பின்தொடர்ந்து வந்து முட்டைகளையும் சிறு புழுக்களையும் குத்தி உறிஞ்சுகிறது. 2001-ல் ஆந்திரே கெஸ்லரும் பால்ட்வினும் வெளியிட்ட கள ஆய்வில், வாசனை விடுவதன் மூலம் ஒரு செடி தன்மேல் உள்ள பூச்சிகளின் எண்ணிக்கையை 90 சதவீதத்துக்கு மேல் குறைத்துக்கொள்ள முடியும் என்று கண்டார்கள். ஆனால் ஜியோகோரிஸ் மிகச் சிறியது. வளர்ந்த கொம்புப்புழுவை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. புழு சிறியதாக இருக்கும் நாட்களை நீட்டிக் கொடுப்பது செரிமானத் தடுப்பியின் வேலை. ஒன்று காலம் வாங்குகிறது, மற்றது ஆள் கூப்பிடுகிறது.

இதில் புழுவின் பங்கும் உண்டு. அதன் வாய்நீர் பச்சை மணத்தின் மூலக்கூறுகளை ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. வடிவ விகிதம் மாறிய இந்த மணம்தான் ஜியோகோரிஸை அதிகம் இழுக்கிறது என்று 2010-ல் ஆல்மனும் பால்ட்வினும் காட்டினார்கள். தன் வாயாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது புழு.

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுப்புழுவின் முதல் உணவு பெரும்பாலும் இலைமேல் உள்ள சுரப்பு முடிகளின் பிசின். புகையிலைத் தோட்டத்தில் நடந்தவர் கையில் ஒட்டுவது இந்தப் பிசின்தான். அதில் சர்க்கரையோடு அமிலங்கள் பிணைந்த சேர்மங்கள் உள்ளன. புழுவுக்கு அது இனிப்பு. செரித்ததும் கிளைச்சங்கிலி அமிலங்கள் பிரிந்து புழுவின் உடலும் எச்சமும் வாடை வீசத் தொடங்குகின்றன. அந்த வாடையைப் பிடித்துத் தரையில் திரியும் விதை பொறுக்கும் எறும்புகள் தண்டில் ஏறிப் புழுவைத் தூக்கிப்போகின்றன. 2011-ல் வைன்ஹோல்டும் பால்ட்வினும் கண்டது இது.

இன்னொன்று, டைடெர்பீன் கிளைகோசைடுகள். இவை இலையில் நிக்கோட்டினுக்கு நிகராகக் குவிகின்றன. செல்சவ்வுக்குத் தேவையான ஸ்பிங்கோலிப்பிடுகளின் உற்பத்தியை முடக்கும் நஞ்சு இது. புழுவுக்கும் ஸ்பிங்கோலிப்பிடு வேண்டும், செடிக்கும் வேண்டும். அதனால் செடி நஞ்சின் மேல் சர்க்கரையைப் பூட்டுப்போல மாட்டி வைக்கிறது. அந்தத் தயாரிப்புப் பாதையில் ஒரு படியை அணைத்தபோது பூட்டு சரியாக மாட்டாமல் செடி தன் நஞ்சாலேயே கருகியது என்று 2021-ல் வெளியான ஆய்வு காட்டியது.

பூந்தேனில் ஏன் நஞ்சு

இவ்வளவு காவலுக்கும் நடுவே பூ திறந்துதான் ஆகவேண்டும். கொயோட் புகையிலை தன் மகரந்தத்தாலேயே விதை கட்டக்கூடியது. ஆயினும் வேற்றுச் செடியின் மகரந்தம் கிடைத்தால் சந்ததியில் வகைமை கூடும். நெருப்புக்குப் பின் எந்தக் காலத்தில் முளைக்கப்போகிறோம் என்று தெரியாத விதைக்கு வகைமை ஒரு காப்பீடு. அதற்காகப் பூ தேன் சுரக்கிறது, மணம் வீசுகிறது. அந்தத் தேனிலும் நிக்கோட்டின் இருக்கிறது.

இலையில் ஏற்றிய நஞ்சு குழாய் வழியே தேனிலும் கசிந்துவிட்டது, அதற்கென்று தனிப் பயன் இல்லை என்று சொல்லித் தள்ளிவிடலாம். டானி கெஸ்லர், கிளவுஸ் காஸே, பால்ட்வின் மூவரும் 2008-ல் வெளியிட்ட கள ஆய்வு அப்படித் தள்ள இடம் கொடுக்கவில்லை. அவர்கள் நான்கு வகைச் செடி எடுத்துக்கொண்டார்கள்: மணமும் நிக்கோட்டினும் உள்ளது, மணம் மட்டும் உள்ளது, நிக்கோட்டின் மட்டும் உள்ளது, இரண்டும் இல்லாதது. வேற்று மகரந்தத்தால் எத்தனை காய் கட்டுகிறது என்று தெளிவாக எண்ணுவதற்குப் பூ விரியுமுன் மகரந்தப்பைகளைக் கிள்ளி எடுத்தார்கள். இந்தப் படியைத் தவறவிட்டால் பூ தன் மகரந்தத்தாலேயே காய் கட்டிக்கொண்டு கணக்கைக் குழப்பிவிடும்.

இரண்டும் உள்ள செடிதான் நன்றாகக் காய் கட்டியது. அதன் மகரந்தமே பிற செடிகளிலும் அதிக விதைக்குத் தந்தையானது. மணம் இல்லாத பூவை அந்துப்பூச்சியும், தேன் குடிக்கும் சிறு பறவையான ரீங்காரச்சிட்டும் கண்டுகொள்வது குறைந்தது. நிக்கோட்டின் இல்லாத பூவில் வந்தவர்கள் நிறையக் குடித்தார்கள், நெடுநேரம் நின்றார்கள். நிக்கோட்டின் உள்ள பூவில் ஒரு மடக்கு குடித்து அடுத்த பூவுக்குப் போனார்கள். செடியின் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒரு விருந்தாளி வயிறு நிரம்பக் குடித்து உட்கார்ந்திருப்பதைவிட, பத்துப் பேர் ஆளுக்கு ஒரு மடக்கு குடித்துவிட்டு ஓடுவதே லாபம். பூவின் அடியைத் துளைத்துத் தேனை மட்டும் திருடும் தச்சத் தேனீக்களையும் நிக்கோட்டின் குறைத்தது.

தேனில் நிக்கோட்டின் எல்லாப் பூவிலும் ஒரே அளவில் இருப்பதும் இல்லை. ஒரே செடியில் ஒரு பூவில் மிகக் குறைவு, பக்கத்துப் பூவில் நாக்கைச் சுடும் அளவு. எல்லாம் கசப்பென்றால் ரீங்காரச்சிட்டு அந்தச் செடிப் பக்கமே வராது. எல்லாம் இனிப்பென்றால் ஒரே செடியில் எல்லாப் பூவையும் வடித்துவிட்டுப் போகும். எது எப்படி என்று ஊகிக்க முடியாதபோது, கசப்பு பட்டதும் அடுத்த செடிக்குத் தாவுகிறது. செடிவிட்டுச் செடி மகரந்தம் போவதற்கு அந்தத் தாவல்தான் வேண்டும்.

பூ நிற்கும் கோணத்துக்கும் கடிகாரம் உண்டு. பகலில் கீழ்நோக்கித் தொங்கும் பூ, மாலையில் தலைநிமிர்ந்து அந்துப்பூச்சி எட்டும் வாக்கில் நிற்கிறது. அந்துப்பூச்சியின் உறிஞ்சுகுழல் நுனியிலேயே மணம் உணரும் உறுப்புகள் இருக்கின்றன. மணம் இல்லாத பூவின் வாயில் குழலை நுழைக்கத் தடுமாறிப் பாதியில் கைவிடுகிறது.

தேன் கொடுத்தால் முட்டை

கொம்புப்புழுவின் தாய் அந்துப்பூச்சியான மண்டூக்கா செக்ஸ்டா, தேன் கிடைக்கிற செடியில்தான் அதிகம் முட்டையிடுகிறது. தேன் சுரப்பு குறைக்கப்பட்ட செடிகளில் முட்டையும் குறைந்தது என்று 2015-ல் கெஸ்லர் குழு கண்டது. செடிக்குத் தப்பிக்க வழியில்லாத பொறி போலத் தெரிகிறது: மகரந்தம் போக வேண்டுமானால் தேன் கொடுக்க வேண்டும், தேன் கொடுத்தால் புழு வரும்.

வழி இருக்கிறது. அதை 2010-ல் கெஸ்லர், டீசல், பால்ட்வின் வெளியிட்டார்கள். கொம்புப்புழுக்கள் ஏறிவிட்ட செடியில் சில நாட்களில் ஒரு பகுதிப் பூக்கள் மாலையில் விரியாமல் விடியற்காலையில் விரியத் தொடங்குகின்றன. இந்தக் காலைப்பூக்கள் முழுதாக மலர்வதில்லை; பென்சைல் அசிட்டோன் மணம் விடுவதில்லை; தேனில் சர்க்கரையும் குறைவு. இரவில் வரும் அந்துப்பூச்சிக்கு இங்கே எதுவும் இல்லை. விடிந்ததும் வருவது கருந்தாடை ரீங்காரச்சிட்டு. அதற்கு மணம் தேவையில்லை, கண்ணால் தேடி வரும். பறவை முட்டையிலிருந்து இலை தின்னும் புழு வராது. பூ விரியும் நேரம் மாறுவதற்குப் புழுவின் வாய்நீரும் ஜாஸ்மோனேட் வழியும் இரண்டுமே வேண்டும் என்பதும் உறுதியானது.

அப்படியானால் எப்போதும் காலையிலேயே பூக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அந்துப்பூச்சி இரவில் நெடுந்தூரம் பறக்கும். மகரந்தத்தைத் தொலைவுக்குக் கொண்டுபோகும். ரீங்காரச்சிட்டு தன் எல்லைக்குள்ளேயே சுற்றும். கூடு அருகில் இல்லாவிட்டால் வராமலும் போகலாம். அதனால் முதலில் இரவு விருந்தாளிக்குக் கதவு திறந்திருக்கிறது. அவர் விட்டுச்சென்ற குழந்தைகளின் எண்ணிக்கை தாங்காதபோது கதவு நேரம் மாறுகிறது. புழு ஏறிய செடியிலும் எல்லாப் பூவும் மாறுவதில்லை. மாலைப்பூவும் காலைப்பூவும் ஒரே செடியில் கலந்து நிற்கின்றன.

தோட்டத்துப் புகையிலையில் பூவைக் கிள்ளுவது ஏன்

பயிராகும் புகையிலை (நிக்கோட்டியானா டபாக்கம்) இரண்டு காட்டினங்கள் கலந்து உண்டானது: வெள்ளைப் பூவும் இரவு மணமும் கொண்ட சில்வெஸ்ட்ரிஸ் ஒன்று, டொமெண்டோசிஃபார்மிஸ் மற்றொன்று. ஒவ்வொன்றிலும் 24 குரோமோசோம், சேர்ந்து 48. பயிர்ப் புகையிலையின் இளஞ்சிவப்புப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய் கட்டிக்கொள்ளும். விவசாயிக்கு அந்தப் பூ வேண்டாம்.

திண்டுக்கல், வேதாரண்யம், யாழ்ப்பாணம் என்று புகையிலை போடும் ஊர்களில் எல்லாம் மொட்டு தலைகாட்டியதும் நுனி கிள்ளுவார்கள். பூவுக்கும் விதைக்கும் போக இருந்த சத்து இலைக்குத் திரும்பி, இலை அகன்று தடிக்கும். கூடவே இன்னொன்று நடக்கிறது. நுனி மொட்டிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்த ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் நின்றுபோகிறது. செடி அதைப் பெருங்காயமாகவே எடுத்துக்கொள்கிறது. புது வேர் ஓடுகிறது. நிக்கோட்டின் உற்பத்தி எகிறுகிறது. மெல்லும் புகையிலையின் காரம் பெருமளவு இந்தக் கிள்ளலில் பிறப்பது. மொட்டு முற்றிப் பூத்த பின் கிள்ளினால் சத்து ஏற்கெனவே போய்விட்டிருக்கும், இலை தேறாது. கிள்ளிவிட்டுப் பக்கச்சிம்புகளை ஒடிக்காமல் விட்டாலும் அதே கதி: ஒவ்வொரு இலைக்கணுவிலும் ஒரு சிம்பு கிளம்பி, ஆக்சினையும் அனுப்பி, சத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். வாரம் ஒருமுறை ஒடிக்க வேண்டும். ஆள் கிடைக்காதவர்கள் 4 சதவீத டெக்கனால் கரைசலைத் தண்டு வழியே வழியவிட்டு இளஞ்சிம்பைக் கருக்குகிறார்கள். சிம்பு விரலளவு முற்றிவிட்டால் அது பலிக்காது.

நிக்கோட்டின் எகிறினாலும் எதிரி குறைவதில்லை. நாற்றங்காலில் இலையைச் சல்லடையாக்கும் புகையிலை வெட்டுப்புழு நஞ்சோடு வாழப் பழகியது. அதன் அந்துப்பூச்சி ஆமணக்கு இலையில் விரும்பி முட்டையிடும் என்பதால் நாற்றங்காலைச் சுற்றி ஆமணக்கு போட்டு, பழுப்பு மயிர் மூடிய முட்டைக்குவியலையும், கூட்டமாகச் சுரண்டித் தின்னும் குஞ்சுப்புழுவையும் இலையோடு பறித்து அழிப்பது நல்ல முறை. புழு கலைந்து பரவிவிட்டால் இந்த முறை உதவாது. புகையிலைக் காளான் என்று விவசாயிகள் சொல்லும் ஒட்டுண்ணிச் செடியோ இலைப் பக்கமே வருவதில்லை. நேரே வேரில் ஒட்டிக்கொள்கிறது. அது பூத்து விதை கொட்டுமுன் பிடுங்கி எரிக்காவிட்டால் நிலம் பல ஆண்டு கெட்டுவிடும்.

கஷாயமும் அதன் கோளாறுகளும்

இதே நஞ்சை வேறு பயிரில் அசுவினிக்குத் தெளிக்கும் வழக்கம் நம்மிடம் பழையது. அளவு இது: 500 கிராம் புகையிலைக் கழிவை 4.5 லிட்டர் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைக்கலாம், அல்லது அரை மணிநேரம் கொதிக்கவிடலாம். 120 கிராம் பார் சோப்பைத் தனியே கரைத்து, வடிகட்டிய சாற்றில் சேர்க்க வேண்டும். தெளிக்கும்போது ஆறு ஏழு மடங்கு தண்ணீர் ஊற்றி ஏறத்தாழ 30 லிட்டராக்கலாம்.

சோப்பு இலையில் ஒட்டுவதற்கு மட்டும் சேர்ப்பதில்லை. இலையில் நிக்கோட்டின் அமிலங்களோடு சேர்ந்து உப்பாக இருக்கிறது. காரத்தன்மை கூடினால் அந்த உப்பு கலைந்து நிக்கோட்டின் விடுபடுகிறது. விடுபட்ட நிக்கோட்டின்தான் பூச்சியின் தோலைத் துளைக்கும், ஆவியாகவும் பரவும். வெற்றிலையோடு சுண்ணாம்பு தடவிப் புகையிலை போடுபவருக்குச் சுருக்கென்று ஏறுவதும் இதே வேதியியல்தான். வாயின் தோல் வழியே விடுபட்ட நிக்கோட்டின் விரைந்து இறங்குகிறது. விடுபட்ட நிக்கோட்டின் ஆவியாகிவிடும் என்பதால் சோப்பு கலந்த சாற்றை அன்றே தெளித்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் வீரியம் போய்விடும்.

தக்காளி, மிளகாய், கத்தரிக்கு இந்தக் கஷாயத்தை எடுத்துச் செல்லக் கூடாது. புகையிலைத் தேமல் வைரஸ் காய்ந்த இலையிலும் பல ஆண்டு உயிர்ப்போடு இருக்கும். அசுவினியை ஒழிக்கப் போய் வைரஸைத் தெளித்துவிட்டு வருவோம். நன்றாகக் கொதிக்கவைத்தால் வைரஸ் சாகும், ஊறல் முறையில் சாகாது. ஆனாலும் அதே பாத்திரம், அதே கை, அதே தெளிப்பான் இருக்கும்போது அந்தக் குடும்பப் பயிர்களை விட்டுவிடுவதே சரி. பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி முதலிய நல்ல பூச்சிகளையும் இது கொல்லும். கையுறை இல்லாமல் கலக்கவே கூடாது. நிக்கோட்டின் தோல் வழியே ஏறும். பனி நனைந்த பச்சை இலையைப் பறிக்கும் தொழிலாளர்களுக்கு வாந்தி, தலைசுற்றல், வியர்வை வருவது இதனால்தான். நீளக்கை உடுப்பும், இலை உலர்ந்த பின் பறிப்பதும், நனைந்த உடையை உடனே மாற்றுவதும் அதைத் தவிர்க்கும். இயற்கையில் கிடைப்பது என்பதால் இது சாதுவான மருந்து என்று நினைப்பது ஆபத்து.

நிக்கோட்டின் வெயிலில் சீக்கிரம் சிதைவதால் ஓரிரு நாளில் பலன் போய்விடும். பூச்சிக்கொல்லி என்ற முறையில் இது குறை. மேலும் உடலின் இயல்பான அமில-கார நிலையில் நிக்கோட்டின் மின்னேற்றம் பெறுவதால் பூச்சியின் நரம்பு மண்டலத்துக்குள் எளிதில் நுழைவதில்லை. இமிடாகுளோபிரிட் தலைமுறைச் செயற்கைப் பூச்சிக்கொல்லிகள் இந்த இரண்டு குறையையும் நீக்கின. அவை நிக்கோட்டின் அமரும் அதே வாங்கியில் அமர்கின்றன. மின்னேற்றம் இல்லாமல் உள்ளே புகுகின்றன. மண்ணிலும் செடியிலும் நாட்கணக்கில், சில மண்ணில் மாதக்கணக்கில் நிற்கின்றன. விதையில் தடவினால் வேர் உறிஞ்சி, தண்டு வழியே ஏறி, பூந்தேனுக்கும் மகரந்தத்துக்கும் வந்து சேர்கின்றன. எந்தப் பூவில் கூட்டுவது, எதில் குறைப்பது, எப்போது நிறுத்துவது என்ற ஏற்பாடு இந்தப் பயிருக்கு இல்லை. பூவுக்குப் பூ தேனீ அதையே குடிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் இமிடாகுளோபிரிட், குளோத்தியானிடின், தயாமீதாக்சம் மூன்றையும் திறந்த வயலில் பயன்படுத்தத் தடை விதித்தது தேனீக்களை முன்னிட்டே.